ஒவ்வாமையும் கண்ணீரும்

மாந்தர் சொரியும் கண்ணீர் அனைத்தும் ஒரே காரணத்தால் வருவதன்று. துயரத்தால் வருவதும் கண்ணீர். உவகையால் வருவதும் கண்ணீர். வெங்காயம் அரியும்போது வருவதும் கண்ணீரே. காதலரைப் பிரிந்த தலைவியின் கண்கள் படும் பாட்டைக் கூறுதற்கென்றே திருக்குறளில் 'கண்விதுப்பழிதல்' என ஓர் அதிகாரம் அமைந்துள்ளது. ஆயின், துயரமும் இன்றி, உவகையும் இன்றி, துரும்பு ஒன்றும் விழாதிருக்கவும், சிலருடைய கண்கள் சிற்சில காலங்களில் சிவந்து, அரித்து, நீரைப் பெருக்குகின்றன. வகுப்பறையில் ஒரு மாணவனுக்கு இவ்வாறு நேர்ந்தால், அவன் அழுகின்றான் என ஒருவர் எண்ணுவர். தொற்றுநோய் கொண்டான் என மற்றொருவர் விலக்கி வைப்பர். இரவு உறங்காது திரிந்தான் என வேறொருவர் கடிந்துரைப்பர். மூவரும் காரணத்தைக் காணத் தவறியவரே. அதனினும் பெரிய தீங்கு, காரணம் காணாமலே கண்ணில் மருந்து ஊற்றுதலாகும்.

நோய் இன்னதெனத் தெளிதல், அது பிறந்த காரணத்தைத் தேடுதல், அதனைத் தணிக்கும் வழியை ஆராய்தல், பின்னர் பிழையின்றிச் செய்தல் என்னும் ஒழுங்கை வள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தில் வகுத்துவைத்தார். கடல் சூழ்ந்த நயினாதீவு போன்ற ஓர் ஊரில் வாழ்வோரின் கண்ணீரை ஆராய்தற்கும் அவ்வொழுங்கே ஏற்றதாகும்.

முதலில் கண்ணீரின் இயல்பை அறிதல் வேண்டும். ஒவ்வொரு கண்ணுக்கும் மேலே, புறவோரத்தில், வாதுமைப் பருப்பை ஒத்த கண்ணீர்ச் சுரப்பி ஒன்று உண்டு. அது சுரக்கும் நீரை இமைகள் ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் கண்ணின்மீது மெல்லிய படலமாகப் பூசுகின்றன. எஞ்சிய நீர், மூக்கை அடுத்துள்ள இமை ஓரத்தின் இரு நுண்துளைகள் வழியே இறங்கி, ஒரு சிறு குழாயினூடாக மூக்கினுள் வடிகின்றது. அழுபவருக்கு மூக்கும் ஒழுகுவது இதனாலேயே. கண்ணீர் வெறும் உப்புநீருமன்று. அதில் நுண்கிருமிகளை அழிக்கும் லைசோசைம் என்னும் பொருள் உண்டென்பதை 1922இல் அலெக்சாந்தர் பிளெமிங் வெளியிட்டார். பின்னர் பென்சிலினைக் கண்டறிந்தவரும் அவரே. ஆகவே கண்ணீர் கண்ணைக் கழுவும் நீர், காக்கும் நீர். புகையோ மணலோ படும்போது அது பெருகுவது உடலின் நற்செயலேயாகும்.

காவலன் தன் வீட்டாரையே கள்வர் என மயங்கி அடித்தால் எவ்வாறிருக்கும்? ஒவ்வாமையில் நிகழ்வது அதுவே. பூக்களின் மகரந்தமும் வீட்டுத் தூசியும் பெரும்பாலோர்க்கு யாதொரு தீங்கும் செய்வதில்லை. ஆயின் சிலருடைய உடல் அவற்றைப் பகையெனக் கொண்டு, அவற்றுக்கு எதிராக ஒருவகைப் பிறபொருளெதிரியை ஆக்குகின்றது. இப்பொருளை 1966இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் பணிபுரிந்த யப்பானியரான இஷிசாக்கா தம்பதியரும், 1967இல் சுவீடன் நாட்டு ஆய்வாளரும் தனித்தனியே இனங்கண்டனர். இன்று அது 'ஐ.ஜி.ஈ.' எனப்படுகின்றது. இமையின் உட்புறத்தையும் கண்ணின் வெண்பகுதியையும் போர்த்திருக்கும் மெல்லிய சவ்விலே 'மாஸ்ற்' என்னும் கலங்கள் நிறைந்துள்ளன. ஐ.ஜி.ஈ. இக்கலங்களின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். அதே மகரந்தமோ தூசியோ மீண்டும் வந்து படும்போது, கலங்கள் தம்முள் அடக்கி வைத்திருந்த ஹிஸ்ரமின் முதலிய பொருள்களைச் சிதறவிடும். சில நிமிடங்களுக்குள்ளேயே நுண்ணிய இரத்தக் குழாய்கள் விரிந்து கண் சிவக்கும், அவற்றினின்று நீர் கசிந்து இமை வீங்கும், நரம்பு முனைகள் தூண்டப்பட்டு அரிப்புண்டாகும், கண்ணீர் பெருகும். இத்துடன் முடிவதுமில்லை. சில மணி நேரம் கழித்து வேறு கலங்களும் அவ்விடத்தில் வந்து கூடுதலால், காலையில் பட்ட தூசியின் துன்பம் மாலையிலும் தொடர்வதுண்டு.

'அலர்ஜி' என்னும் சொல்லை 1906இல் வியன்னா நகரத்து வைத்தியர் கிளெமென்ஸ் வொன் பிர்க்கே ஆக்கினார். 'வேறு', 'செயல்' எனப் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்கள் அதில் இணைந்துள்ளன. தமிழில் வழங்கும் 'ஒவ்வாமை' என்னும் சொல் அதனினும் எளிதாய்ப் பொருள் தருவது. மேனாட்டு மருத்துவத்தைத் தமிழில் எடுத்துரைக்கும் வழக்கம் யாழ்ப்பாணத்துக்குப் புதிதன்று. 1847இல் இங்கு வந்த அமெரிக்க வைத்தியர் சமுவேல் கிறீன், மானிப்பாயில் மாணவர்க்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்து, மருத்துவ நூல்களையும் தமிழில் ஆக்கினார். நோயாளிக்குத் தன் நோய் தன் மொழியில் விளங்குதல் வேண்டும் என்னும் அக்கொள்கை இன்றும் போற்றத்தக்கது.

இந்நோயை முதன்முதல் தெளிவாக எழுதிவைத்தவர் இலண்டன் நகரத்து வைத்தியர் யோன் பொஸ்ரொக் என்பவர். 1819இல் அவர் வெளியிட்ட வரலாறு அவருடைய சொந்த நோயின் வரலாறேயாகும். ஆண்டுதோறும் கோடை தொடங்கும்போது கண் சிவந்து அரித்து நீர் வடிதலும், தொடர்ந்து தும்மலும் மூச்சுத் திணறலும் உண்டாதலும் இளமை முதலே தமக்கு வழக்கம் என அவர் கூறினார். காரணத்தை அவர் சரிவர அறிந்திலர். வெயிலின் வெம்மையே காரணம் எனக் கருதினார். ஆயினும் றாம்ஸ்கேற் என்னும் கடற்கரை ஊரில் கோடையைக் கழித்தபோது நோய் பெரிதும் தணிந்திருந்தது. கடலிலிருந்து வரும் காற்றில் மகரந்தம் குறைவு என்பதே அதன் காரணம் எனப் பின்னாளில் விளங்கிற்று.

அதனை விளக்கியவர் மான்செஸ்ரர் நகரத்து வைத்தியர் சாள்ஸ் பிளக்லி. அவரும் அந்நோயாளியே. புல்லின் மகரந்தத்தைத் தம் கண்ணிலும் மூக்கிலும் இட்டும், தோலைக் கீறி அதில் வைத்தும், மகரந்தமே நோயின் வித்து என நிறுவி, 1873இல் நூலாக வெளியிட்டார். மேலும், ஒட்டும் பசை பூசிய கண்ணாடித் தகடுகளைப் பட்டத்தில் கட்டி வானில் ஏற்றி, மிக உயரத்திலும் மகரந்தம் மிதப்பதைக் கண்டார். வாடைக் காற்றில் வல்வெட்டித்துறை இளைஞர் ஏற்றும் பட்டங்களைக் கண்டு களித்தோர்க்கு, அதே பட்டம் மருத்துவ ஆராய்ச்சிக்கும் கருவியாயிற்று என்பது வியப்பளிக்கும். உயரத்தில் மிதக்கும் மகரந்தம் நெடுந்தூரம் செல்ல வல்லது. சிறு கடல்களைக் கடத்தல் அதற்கு அரிதன்று.

இவ்விரு வரலாறுகளையும் மனத்திற் கொண்டு நயினாதீவை நோக்கலாம். ஏறத்தாழ 4 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இத்தீவில் காற்று ஓயாத விருந்தினன். வைகாசி முதல் புரட்டாதி வரை தென்மேற்கிலிருந்து சோளகம் வீசும். மழைக்காலத்தில் வடகிழக்கிலிருந்து வாடை வீசும். சோளகம் கடலைத் தழுவி வருவது. உப்புத் துளியையும் கரை மணலையும் வாரி வருவது. நாகபூஷணி அம்மன் ஆலயத்தின் ஆனி மகோற்சவம் நிகழ்வதும் இக்காற்றின் காலத்திலேதான். குறிகட்டுவானிலிருந்து படகில் வருவோர் கண்ணிலே நீர் மல்க இறங்குவர். ஆயின் இது ஒவ்வாமையன்று. மணலும் உப்பும் எல்லோர் கண்ணையும் உறுத்தும். காற்றை விட்டு நீங்கியதும் உறுத்தல் தணியும். கர்ப்பூரப் புகையும், அடுப்பில் எரியும் பனம்மட்டை, பன்னாடை, ஊமல் ஆகியவற்றின் புகையும் அத்தகையனவே. உறுத்தல் யாவர்க்கும் பொது. ஒவ்வாமை ஆள் பார்த்து வருவது. எனினும் முன்னரே ஒவ்வாமையால் நொந்த கண்ணுக்குப் புகை எரிகிற தீயில் நெய் வார்த்தது போலாம்.

வாடையோ காரைநகர், ஊர்காவற்றுறை, குடாநாடு ஆகிய நிலப்பகுதிகளின் பக்கமிருந்து வருவது. மழையின் பின்னர்ப் புற்கள் செழித்துப் பூக்கும். கற்பகதருவாகிய பனையும் இவ்வகையில் கவனிக்கத்தக்கது. பனையில் ஆண், பெண் மரங்கள் வேறாதலால், ஆண்பனையின் பாளையிலேயே மகரந்தம் உண்டாகும். பனை மகரந்தம் சிலருக்கு ஒவ்வாமை தருவதை வங்காளத்து ஆய்வாளர் கண்டுள்ளனர். இதனால் பனையைப் பழித்தல் கூடாது. ஊரெல்லாம் பனையாயிருக்க, மிகச் சிலரே அதனால் வருந்துவர்.

பழிக்கத்தக்க செடி வேறொன்று உண்டு. அதுவே பார்த்தீனியம். அமெரிக்கக் கண்டத்துக்குரிய இக்களை, 1950களில் இறக்குமதிக் கோதுமையுடன் இந்தியாவுக்கு வந்ததென்பர். இலங்கைக்கு 1987இன் பின்னர், இந்திய அமைதிப்படையின் உணவுக்காகக் கொணரப்பட்ட ஆடுகளோடு வந்ததெனக் கருதப்படுகின்றது. வடபகுதியின் வயல்களிலும் வீதியோரங்களிலும் அது பரவியுள்ளது. வெண்ணிறச் சிறுபூக்கள் கொண்ட இதன் மகரந்தம் கண்ணுக்கும் மூக்குக்கும், செடி தோலுக்கும் ஒவ்வாமை விளைப்பன. ஒரு செடியே பல்லாயிரம் விதைகளை உதிர்க்கும். பசளையோடும், மண்ணோடும், கால்நடைத் தீனோடும் படகேறி வரக்கூடிய இக்களையைத் தீவுகளில் வேரூன்றவிடாது காத்தல் ஊரவர் கடன். காணின், பூக்குமுன்னரே, கையுறை அணிந்து வேரோடு பிடுங்குதல் வேண்டும்.

வெளிக்காற்றை மாத்திரம் குறை கூறுதலும் பொருந்தாது. ஆண்டு முழுதும் கண் அரிப்போர், சிறப்பாகக் காலையில் எழும்போது அரிப்போர், தம் தலையணையை ஐயுறுதல் வேண்டும். வீட்டுத் தூசியில் வாழும் உண்ணி என்னும் நுண்ணுயிர் ஒரு மில்லிமீட்டரின் மூன்றிலொரு பங்களவினது, கண்ணுக்குப் புலப்படாதது. மனிதத் தோலிலிருந்து உதிரும் துகளே அதன் உணவு. காற்றின் ஈரமே அதன் நீர். இவ்வுயிரே வீட்டுத் தூசி ஒவ்வாமையின் முதற்காரணம் என்பதை 1960களில் நெதர்லாந்தின் லைடன் நகரத்து ஆய்வாளர் புலப்படுத்தினர். கடற்காற்றின் ஈரம் நிறைந்த தீவு வீடுகள் இவ்வுயிர்க்கு உவப்பானவை. மழைக்காலச் சுவரில் படரும் பூஞ்சணம், பூனையின் உடற்றுகள், கரப்பானின் எச்சம் ஆகியனவும் இவ்வரிசையில் சேர்வன.

இனி, கண்ணீர் ஒவ்வாமையால் வந்ததோ பிறிதொன்றால் வந்ததோ எனத் தெளியுமாறு யாது? அரிப்பே முதல் அடையாளம். இரு கண்களும் ஒருங்கே அரித்து, தெளிந்த நீர் வடிந்து, உடன் தும்மலும் இருப்பின் அது பெரும்பாலும் ஒவ்வாமையே; அது பிறர்க்குத் தொற்றாது. ஒரு கண்ணில் தொடங்கி ஓரிரு நாளில் மறுகண்ணுக்குத் தாவி, வீட்டில் பலருக்கும் பரவுவது வைரசுக் கண்ணோய். தமிழ்நாட்டார் 'மெட்ராஸ் ஐ' என்பது அதனையே. காலையில் இமைகள் ஒட்டுமாறு மஞ்சட் பீளை தள்ளுவது பற்றீரியாவின் செயல். பச்சிளங் குழந்தையின் ஒரு கண் பிறந்த சில வாரங்களிலிருந்தே நீர் வடித்தால், கண்ணீர் வடியும் குழாய் திறவாதிருத்தல் காரணமாகலாம். முதியோர்க்கு இமை தளர்தலாலும், அக்குழாய் அடைபடுதலாலும், வியப்பாகக் கண் உலர்தலாலுங்கூட நீர் வடியும்; உலர்ந்த கண் உறுத்த, சுரப்பி அளவின்றிச் சுரக்கின்றது. கடுநோவு, பார்வை மங்கல், வெளிச்சத்தைக் காணப் பொறாமை, கருவிழியில் வெண்புள்ளி ஆகியவற்றுள் ஒன்று காணினும் அதனை ஒவ்வாமை என அமைதல் கூடாது. அன்றே வைத்தியரை நாடுதல் வேண்டும்.

காரணம் தெளிந்தபின் தணிக்கும் வழி எளிதாகும். முதலாவது, கண்ணைக் கசக்காதிருத்தல். கசக்கும்போது மாஸ்ற் கலங்கள் நசுங்கி மேலும் ஹிஸ்ரமினை விடுவதால், கணநேர இன்பத்தின் பின் அரிப்பு இரட்டிக்கும். ஆண்டுக்கணக்கில் கசக்கும் சிறுவரின் கருவிழி மெலிந்து கூம்பு வடிவாக முன்தள்ளிப் பார்வை கெடுதலும் உண்டு. கசக்குவதற்கு மாறாக, கொதித்தாறிய குளிர்ந்த நீரில் நனைத்த தூய துணியை மூடிய இமைகள்மீது சில நிமிடம் வைத்தல் நன்று. செலவின்றிச் செய்யத்தக்க சிறந்த முதலுதவி இது. முகத்தையும் கைகளையும் வெளியிலிருந்து வந்தவுடன் கழுவுதலும், காற்றில் செல்லும்போது கண்ணாடி அணிதலும் பயன் தரும்.

இரண்டாவது, காரணத்தை விலக்குதல். தலையணை உறையையும் விரிப்பையும் வாரந்தோறும் வெந்நீரில் தோய்த்து வெயிலில் உலர்த்துதல் வேண்டும். உண்ணி மடிய அந்நீர் 60 பாகை சென்ரிகிரேற் அளவு சூடாயிருத்தல் நன்று. தலையணையை வெயிலில் இடும் பழைய வழக்கம் அறிவுக்குப் பொருந்தியதே. வெம்மையும் உலர்வும் உண்ணியைக் கொல்லும். ஆயின் அதன் கழிவு எஞ்சுதலால் தட்டி உதறுதலும் தோய்த்தலும் வேண்டும். நோயாளி அருகில் நில்லாதிருத்தலும் வேண்டும். பழைய பஞ்சு மெத்தையினும் பனையோலைப் பாய் உலர்த்துதற்கும் துடைத்தற்கும் எளியது. அறையைக் கூட்டுவதிலும் ஈரத்துணியால் துடைப்பது மேல்.

மூன்றாவது, மருந்து. கண்ணீருக்கு நிகரான செயற்கைக் கண்ணீர்த் துளிகள் தூசியைக் கழுவி நோயைத் தணிக்கும். ஹிஸ்ரமினைத் தடுக்கும் முதல் மருந்தை 1937இல் பரிஸ் நகரில் கண்டறிந்தவர் டானியல் பொவே. 1957இல் அவர் நோபெல் பரிசு பெற்றார். இன்று ஒலோபற்றடின், கீற்றோரிபென் முதலிய துளிமருந்துகள் ஹிஸ்ரமினைத் தடுப்பதோடு மாஸ்ற் கலங்களையும் அமைதிப்படுத்துகின்றன. சோடியம் குரோமோகிளைக்கேற் என்பது வருமுன் காப்பது. ஒழுங்காக நாள்தோறும் இட்டாலன்றிப் பயன் தராது. அதனை உருவாக்கும் ஆய்வில், ஆஸ்துமா நோயாளியாகிய வைத்தியர் றோஜர் அல்ரூனியன் தம்மீதே மருந்துகளைச் சோதித்துப் பார்த்தார். தும்மலும் உடனிருப்போர்க்கு செற்றிரிசின், லோரற்றடின் முதலிய மாத்திரைகள் உதவும். பழைய குளோர்பெனிரமின் மாத்திரை உறக்கம் தருவதாதலால், படகு செலுத்துவோரும் பரீட்சைக்குத் தோற்றுவோரும் அதனைத் தவிர்த்தல் நலம். துளிமருந்துக் குப்பியின் முனை கண்ணிலோ விரலிலோ படலாகாது. திறந்து 4 வாரமானால் பெரும்பாலான குப்பிகளை எறிதல் வேண்டும். ஒருவர் மருந்தை மற்றொருவர் இடலாகாது.

பிழையின்றிச் செய்தல் என்னும் இறுதிப் படியிலேதான் பலர் இடறுகின்றனர். ஸ்ரெரொயிட் கலந்த கண்துளிகள் ஒருநாளிலேயே சிவப்பையும் அரிப்பையும் மாயம்போல் நீக்கும். அதுவே அவற்றின் கேடு. சுகம் கண்டவர் வைத்தியரைக் காணாமலே பழைய துண்டைக் காட்டி மீண்டும் மீண்டும் வாங்கி இடுவர். மாதக்கணக்கில் இட, கண்ணினுள் அழுத்தம் உயர்ந்து பார்வை நரம்பு நோவின்றி நலியும். வில்லை மங்கிக் கண்புரையும் தோன்றும். நரம்பு நலிந்து இழந்த பார்வை எந்த மருந்தாலும் மீளாது. வெம்மையான நாடுகளிலே 5 வயது முதல் பதின்பருவம் வரையுள்ள சிறுவரை, சிறப்பாக ஆண் பிள்ளைகளை, வருத்தும் கடிய கண்ணொவ்வாமை ஒன்றுண்டு. கடும் அரிப்பும், நூல்போல் இழுபடும் பீளையும், வெளிச்சத்தில் கூச்சமும் அதன் குறிகள். பெரும்பாலும் பருவம் முதிர அது தானே அடங்கும். அடங்கும் நோய்க்குத் தந்த மருந்தால் அடங்காத குருடு வருதல் எத்துணைக் கொடுமை! ஸ்ரெரொயிட் சிலபோது இன்றியமையாததே. ஆயின் கண் வைத்தியரின் நேர்க் கண்காணிப்பிலேயே அது கண்ணுட் செல்லுதல் வேண்டும்.

கைமருந்துக்கும் இவ்வெச்சரிக்கை உரியது. தமிழ் மருத்துவம் கண்ணோய்களைத் தொண்ணூற்றாறாக வகுத்து, நயனவிதி நூல்களில் நுணுகி ஆராய்ந்தது. அத்தகைய மரபின் பெயரால், கற்றறிந்த வைத்தியர் அறியாமலே, இலைச்சாற்றையும் தாய்ப்பாலையும் கண்ணிற் பிழிதல் அம்மரபுக்கே இழுக்காகும். பிழிந்த சாற்றோடு பூஞ்சணமும் கிருமியும் புகுந்து கருவிழியைப் புண்ணாக்கும். மூடிய இமைமீது குளிர்ச்சி வைத்தலோடு நிற்பதே பாதுகாப்பு.

தீவில் வாழ்வோர்க்கு இவ்வறிவு மற்றையோரினும் மிகுதியாக வேண்டப்படுவது. உள்ளூர் வைத்தியசாலையில் தீராத கண்ணோய்க்கு, படகேறிக் குறிகட்டுவான் சேர்ந்து, பேருந்தில் புங்குடுதீவும் வேலணையும் கடந்து, யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக் கண் பிரிவை அடைதல் வேண்டும். காற்று மிகுந்த நாளில் அப்பயணம் எளிதன்று. ஒருநாட் கூலியும் போகும். இதனாலேயே பலர் அண்மையில் கிடைக்கும் குப்பியை நாடுகின்றனர். ஆகவே செல்லும் ஒரு பயணத்தையும் பயனுடையதாக்குதல் அறிவுடைமை. அதற்கு ஒரு சிறு கொப்பி போதும். எம்மாதத்தில் கண் அரித்தது, வீசியது சோளகமோ வாடையோ, அரித்தது காலையிலோ மாலையிலோ, வீட்டிலோ வெளியிலோ, அன்று கூட்டிய அறை எது, இட்ட மருந்து எது என நாள்தோறும் ஒரு வரி குறித்து வந்தால், மூன்று மாதத்தில் காரணம் பெரும்பாலும் தானே முகங்காட்டும். இட்ட துளிகளின் குப்பிகளையும் அக்கொப்பியையும் வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும்.

ஆசிரியர்க்கும் இதில் பங்குண்டு. கண் கசக்கும் மாணவனைக் கடியாமலும், தொற்றென அஞ்சி விலக்காமலும், புகையும் சுண்ணக்கட்டித் தூளும் படாத இடத்தில் இருத்தி, அரிப்பு உண்டோ, எவ்வளவு காலமாக உண்டு, என்ன மருந்து இடுகின்றான் என வினவுதல் வேண்டும். மாதக்கணக்கில் ஒரே குப்பியை இடுகின்றான் எனத் தெரியவரின், பெற்றோரை அழைத்து அவனைக் கண் வைத்தியரிடம் அனுப்புவித்தல் வேண்டும். அவ்வினா ஒன்றே ஒரு பிள்ளையின் பார்வையைக் காத்துத் தரக்கூடும்.